பஞ்சுவின் காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு

சின்னவள் ஜெயித்தவை இவை: பிடித்ததையெல்லாம் நழுவவிடும் வலது கை. நாயைக் கண்டால் சாலையின் அந்தப் பக்கம் ஓடவைத்த பயம். "இவளுக்கு எந்த வேலை ஒட்டும்?" என்று கேட்ட சொந்தக்காரர்களின் வாய். அப்புறம், நாய்களுக்கு முடி வெட்டும் கடையில் ஒரு வேலை. அந்த வேலை மட்டும் தன் வீட்டுக்காரர் புண்ணியத்தில் போக இருந்து மயிரிழையில் தப்பியது என்று அக்கா பெரியவள் இன்றைக்கும் சொல்வாள்.

பஞ்சு பெரியவள் வீட்டு நாய். உடம்பெல்லாம் சுருட்டை முடி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைக்குப் போகும். ஒவ்வொரு முறையும் அக்குளிலும் வயிற்றிலும் சிக்கு விழுந்து, மொட்டையாகத்தான் திரும்பும். ஒருமுறை துணைக்குப் போன சின்னவள் அங்கேயே வேலை கேட்டுவிட்டாள்.

கடைக்காரம்மா அவள் கையைப் பார்த்தார். "அடுத்த தடவை இவனை ஒரு சிக்கு இல்லாம கூட்டிட்டு வா. அப்புறம் பேசலாம்."

அன்றிலிருந்து துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் விரிப்பைப் போட்டு, பஞ்சுவோடு உட்கார்ந்துவிடுவாள். சீப்பை வலது மணிக்கட்டோடு துணிநாடாவால் கட்டிக்கொள்வாள். தோல் இழுபடாமல் இடது கை முடியின் அடியைப் பிடித்திருக்கும். முதலில் பிரஷ், பிறகு தோல்வரை சீப்பு. நகத்தில் நுனியை மட்டும் அரத்தால் தேய்த்துவிடுவாள். அவள் முடித்த இடத்தைப் பெரியவள் பொடிச்சீப்பால் ஒருதரம் சோதிப்பாள், ஒருநாளும் மாட்டியதில்லை.

கடைக்குப் போகும் நாளுக்கு முந்தின நாள் அக்காவும் தங்கையும் சந்தைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தால் பஞ்சு கூடத்து நடுவில் நனைந்த கம்பளி உருண்டையாக நின்றது. அத்தான் துண்டால் அதைப் பரபரவென்று துடைத்துக்கொண்டிருந்தார்.

"சேத்துல புரண்டுட்டான். கடைக்குப் போற பிள்ளை பளிச்சுன்னு போகட்டுமேன்னு குளிப்பாட்டினேன்."

சின்னவள் பையைக் கீழே வைத்தாள். "வாராமலேயா அத்தான்? நனைஞ்சா முடிச்செல்லாம் இறுகிடுமே!"

"யாராவது சொல்லியிருக்கலாமில்ல?"

"மூணு மாசமா அதைத்தானே பொலம்புறா! இந்த வீட்டுச் செவுத்தைக் கேட்டாக்கூட சொல்லும்" என்றாள் பெரியவள். அத்தான் துண்டோடு நழுவினார்.

சின்னவள் அழவில்லை. இளஞ்சூட்டில் காயவைத்தாள். முடிச்சுகளில் சோளமாவைத் தூவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து அடிநோக்கி வாரினாள். பஞ்சு உறுமினால் நிறுத்தினாள். கொஞ்சம் விளையாட விட்டுப் பிறகு தொடர்ந்தாள். அக்குள் விட்டது, வயிறு விட்டது. காதுக்குப் பின்னால் ஒன்று மட்டும் தோலோடு ஒட்டிக்கொண்டு விடவில்லை.

பெரியவள் கத்தரிக்கோலை நீட்டினாள். "வெட்டி எறிடி. யாருக்குத் தெரியப்போவுது?"

"அங்க தோலு காகிதம் மாதிரிக்கா. என் கை நழுவினா காது கிழிஞ்சிடும். இருக்கட்டும்."

"வேலை போயிடும்டி!"

"போகட்டும்."

மறுநாள் கடை மேசையில் பஞ்சுவை ஏற்றியதும் சின்னவளே காதைத் தூக்கிக் காட்டினாள். "இங்க ஒண்ணு இருக்கும்மா. என்னால எடுக்க முடியலை."

கடைக்காரம்மா வால்வரை வாரிப் பார்த்தார். சீப்பு எங்கும் நிற்கவில்லை. "இதை மட்டும் ஏன் வெட்டலை?"

"கத்தரி பிடிச்சா கை நழுவும்மா."

கடைக்காரம்மா சின்ன மிஷினை எடுத்து அந்த ஒரு சிக்கை வழித்தெறிந்தார். "முடி வெட்ட யாருக்கு வேணும்னாலும் கத்துக்குடுத்திடலாம். கையை எங்க நிறுத்தணும்னு சொல்லிக் குடுக்கத்தான் முடியாது. ஏப்ரனை மாட்டு."

அன்றைக்கு மொட்டை இல்லாமல், பஞ்சுவுக்கு நுனி மட்டும் வெட்டினார்கள்.

வேலைக்கு வருகிறவர்கள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும். பேனா பிடிக்க வராமல் நான்காம் வகுப்போடு நின்றவள் சின்னவள், வங்கியிலும் கட்டைவிரல்தான். பெரியவள் மை டப்பா கேட்க வாயெடுத்தாள். அதற்குள் தங்கை பேனாவை இடது கையில் எடுத்திருந்தாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. பெயர் கோட்டைத் தாண்டிப் போனது. ஆனாலும் முழுசாக எழுதிவிட்டாள். பக்கத்தில் தேதியைப் பெரியவள் எழுதினாள்: 2019 ஆகஸ்ட் 23.