கனகம் அக்கா வெட்டிய பூக்கன்றுகள்

எங்கள் பாடசாலையில் வருடம் முடியப்போவது கனகம் அக்காவின் உரப்பையைப் பார்த்தால் தெரியும். கேட்க ஆளில்லாமல் வகுப்பறைகளில் கிடப்பதையெல்லாம் நவம்பர் கடைசியிலிருந்து அதில் சேர்க்கத் தொடங்குவார். தண்ணீர்ப் போத்தல் மூடிகள், ஒற்றைச் சப்பாத்து, குடைகள், கழுத்துப்பட்டிகள். ஒரு வருடம் பொய்ப்பல் ஒன்றும் கிடைத்தது. அது யாருடையது என்று எந்த ஆசிரியையும் கடைசிவரை சொல்லவில்லை.

பதுளை நகரிலுள்ள பெண்கள் பாடசாலை அது. கனகம் அக்கா அங்கே சிற்றூழியர். கூட்டுவது, கழுவுவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். நான் அங்கே சிற்றுண்டிச்சாலை நடத்தும் றஷீனா ராத்தாவுக்கு உதவியாக ரொட்டி சுடுகிறேன். அடுப்புக்கு முன்னால் ஒரு சன்னல் இருக்கிறது. அதன் வழியாக வாசலும் மணியும் தெரியும். எனக்கு அதிகம் பேச வராது; பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். ஏழாம் வகுப்பில் பெரியமனுஷியானார். லயம் என்ற தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், தங்கள் காம்பராவின் மூலையில் சேலையால் மறைத்துப் பதினாறு நாள் வைத்திருந்தார்கள். சடங்கு முடிந்ததும், இனி வீட்டிலிருந்து தங்கச்சியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடத்துக் கொப்பிகளில் பாதிப் பக்கங்கள் வெறுமையாகவே இருந்தனவாம். பிறகு பல வருடம் கொழுந்து பறித்தார். புருஷன் இறந்த பிறகு இந்த வேலை கிடைத்தது. பதினான்கு வருடமாகிறது. ஒரு நாளும் தாமதித்து மணி அடித்ததில்லை. அவருடைய கோப்பில் ஒரு குறைக்கடிதம்கூடக் கிடையாது. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

வருடக் கடைசி நாள் காலைக் கூட்டத்தில், வருடம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைகளின் பெயர்களை வாசித்துச் சான்றிதழ் கொடுப்பது எங்கள் பாடசாலை வழக்கம். டவுன் பிள்ளைகளே பெரும்பாலும் வாங்குவார்கள். தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று பஸ் வராது, இல்லாவிட்டால் மழையில் மண் சரிந்து பாதை மூடிவிடும். இந்த வருடம் அவர்களில் எட்டாம் வகுப்புக் கம்சலா மட்டும் அதுவரை தவறவில்லை. அவள் வீடும் லுணுகலைப் பாதையில்தான். ஒருநாள் மண்சரிவைத் தாண்டி இரண்டு கட்டை தூரம் நடந்து, முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றதை நான் சன்னலிலிருந்து பார்த்தேன்.

பாடசாலை மூட இன்னும் ஏழு நாள் இருந்தது. அன்று புதன்கிழமை. இடைவேளை முடிந்த பிறகு கம்சலா சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் வந்து நின்றாள். புத்தகப்பையை வெள்ளைச் சீருடைக்குப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் புரிந்தது. போய்க் கனகம் அக்காவை அழைத்து வந்தேன்.

அக்கா துணி கொடுத்து, முகம் கழுவ வைத்து, சீனி கூடப் போட்ட பிளேன்டீ ஒன்றும் கொடுத்தார்.

"என்னா புள்ள, இதுக்கா இந்த அழுவை? உலகத்துல உள்ள எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான்."

"அதுக்கு அழலக்கா. நாளையிலருந்து அம்மா அனுப்ப மாட்டாங்க. இன்னும் ஏழே நாள்தான் இருக்கு. அம்மாகிட்ட சொல்லாதீங்கக்கா. ஸ்கூல் மூடுற அன்னிக்கு நானே சொல்லிர்றேன்."

"பெத்தவகிட்ட மறைக்கிற வேலையெல்லாம் எங்கிட்ட வேணாம். பொய்ய வச்சி நான் ஒரு காரியமும் பண்ணதில்ல. சாயந்தரம் நானே வர்றேன், உங்கம்மாகிட்ட பேச."

எங்கள் மூவருக்கும் ஒரே பஸ். அதனால் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

செய்தியைக் கேட்டதும் கம்சலாவின் அம்மா சிரித்தார், அழுதார், மகளுடைய தலையைத் தடவினார். உடனேயே மூலையில் இருந்த அரிசிப்பெட்டியை நகர்த்தத் தொடங்கிவிட்டார். கம்சலாவின் அப்பா மாரிசாமி வெட்கப்பட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தார்.

கனகம் அக்கா அரிசிப்பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து நிறுத்தினார். "தங்கச்சி, ஏழு நாள் விட்டுக்குடு. வருசம் பூரா தவறாம வந்த புள்ள."

"என்னாக்கா பேசுறீங்க? தீட்டோட பஸ்ஸுல போறதா? மாரியம்மன் கோயில் வழியால்ல போகணும். லயத்துல நாலு பேரு கேட்டா நான் என்னா சொல்லுவேன்? இவளுக்கு மாமன் இல்லையா?"

"மாமன் எங்க இருக்காரு?"

"கஜேந்திரன் கொழும்புல கடையில நிக்கிறான். மாசக் கடைசியிலதான் லீவு."

"அப்ப அவரு வந்து தண்ணி ஊத்துறவரைக்கும் இவ மூலையில உக்காந்து என்னா பண்ணப் போறா? கூரைத் தகரத்துல ஆணி எண்ணவா? நான் எண்ணினேன் தங்கச்சி. இருநூத்திப் பதினாலு ஆணி. இன்னமும் மனப்பாடம்."

அம்மா பெட்டியை இன்னும் விடவில்லை. வாசலிலிருந்து மாரிசாமியின் குரல் வந்தது.

"வருசம் பூரா போயிட்டு, கடைசி வாரத்துல புள்ளைக்கு அரைப்பேரு போடச் சொல்லுறியா?"

கொழுந்தின் நிறை குறைந்தால் தோட்டத்தில் முழுநாள் வேலைக்கும் அரைநாள் என்றுதான் எழுதுவார்கள். அதுதான் அரைப்பேர். கம்சலாவின் அம்மாவுக்கு அந்த மாதத்தில் மட்டும் மூன்று அரைப்பேர் விழுந்திருந்ததாம். அரிசிப்பெட்டியை விட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்.

அப்படியே உட்கார்ந்தபடி நிபந்தனைகளைச் சொன்னார். கோயில் வழியாகப் போகக்கூடாது. தொழிற்சாலைக்குப் பின்னால் ஏறும் மேட்டுப் பாதையால் போகவேண்டும். வீட்டில் தட்டும் பாயும் தனி. பையில் வேப்பிலையும் இரும்பும் இல்லாமல் வாசற்படி தாண்டக்கூடாது. பாடசாலை மூடும்வரை மாமனுக்குச் செய்தி சொல்வதில்லை. மாமனுக்குச் சொல்லாதவரை சடங்கு நாள் எண்ணத் தொடங்குவதில்லை.

"இரும்பு ஒண்ணு முக்கியம்க்கா. காத்துக் கருப்பு அண்டாது."

"குடுத்து விடு" என்றார் கனகம் அக்கா. என்ன இரும்பு என்று கேட்கவில்லை. பிழை நடந்தது அங்கேதான். நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை வாசலில் மாணவத் தலைவிகள் பைகளைச் சோதித்தார்கள். வருடக் கடைசியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சாயத்தூளும் கைபேசியும் கொண்டுவருவார்கள் என்பதற்காக அந்த ஏற்பாடு. முதல் மணி அடித்து, கனகம் அக்கா மேல் கட்டடத்துக்குப் போய்விட்டார். கம்சலாவின் பையைத் திறந்த தலைவி றிப்கா கத்தியது அடுப்புவரை கேட்டது.

"சேர்! கத்தி சேர்!"

எட்டிப் பார்த்தேன். மாரிசாமியின் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டும் வளைந்த கத்தி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பழைய துவாயில் சுற்றியிருந்தது. கூடவே ஒரு கொத்து வேப்பிலை.

ஒழுங்குக்குப் பொறுப்பானவர் இந்திரஜித் சேர். நல்ல மனிதர்தான், ஆனால் குரல் பெரியது.

"இது எதுக்கு? யாரை வெட்டப் போறீங்க?"

கம்சலா நிலத்தைப் பார்த்தாள். சுற்றி முப்பது பிள்ளைகள் நின்றார்கள். ஓர் ஆண் ஆசிரியரிடம் அவள் என்னவென்று சொல்வாள்?

"வாயைத் திறக்க மாட்டீங்களா? அப்படின்னா வீட்டுக்குப் போய் அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாங்க."

வீட்டுக்குப் போய்வர மூன்று மணித்தியாலம் ஆகும். ஏழே முக்காலுக்கு வரவு இடாப்பை மூடிவிடுவார்கள். கடிகாரத்தில் ஏழு முப்பத்தைந்து.

ரொட்டியைக் கல்லிலேயே விட்டுவிட்டு மேல் கட்டடத்துக்கு ஓடினேன். ஓடிய வேகத்தில் எனக்கு மூன்று சொல்தான் வந்தது. "கம்சலா. கத்தி. சேர்."

அக்கா விளக்குமாற்றோடு இறங்கி வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே போய் நின்றார்.

"சேர், அது நான் கொண்டு வரச் சொன்ன கத்திங்க."

"நீங்களா?"

"ஆமாங்க சேர். பூக்கன்றெல்லாம் காடா வளந்து கெடக்கு. லீவுக்கு முந்தி வெட்டிப்புடலாம்னு பாத்தேன். இதோட அப்பா கவ்வாத்து வெட்டுறவரு. குடுத்து விடச் சொன்னேன்."

"ஒரு சின்னப் பிள்ளையின் பையிலயா கத்தி அனுப்பச் சொல்றது? என்ன செஞ்சிருக்கீங்கன்னு விளங்குதா கனகம்?"

"தப்புதாங்க சேர்."

"விளக்கக் கடிதம் எழுதிக் குடுங்க. நான் அதிபருக்கு அறிக்கை குடுப்பேன்." பிறகு கம்சலாவைப் பார்த்து, "நீங்க வகுப்புக்குப் போங்க" என்றார்.

அவள் படியேறும்போது ஏழு நாற்பத்து மூன்று. கனகம் அக்கா கத்தியை வாங்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நேத்துத்தான் பெருமையா பேசினேன், பொய்யே சொல்ல மாட்டேன்னு. பாத்தியா?"

றஷீனா ராத்தா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "பொய் இருக்கட்டும், நாலு ரொட்டி கரிஞ்சி போயிட்டு! அத வச்சி பேய் விரட்டலாம்!"

இடைவேளையில் கம்சலா வந்தபோது அக்கா பழையபடி ஆகியிருந்தார். "ஏன்டி, இரும்புன்னா ஒரு ஆணி போதாதா? பாடசாலையையே கவ்வாத்து வெட்டவா வந்த?"

"பெருசா இருந்தாத்தான் காவல்னு அம்மா சொன்னாங்கக்கா."

"உங்கப்பா இன்னைக்கு எத வச்சி வெட்டுவாரு?"

"பக்கத்து வீட்டுல இரவல் வாங்கிட்டுப் போனாரு."

மறுநாளிலிருந்து அவள் கொண்டுவந்தது ஒரு பழைய பூட்டுச் சாவி. எந்தச் சோதனையிலும் அது அகப்படவில்லை.

விளக்கக் கடிதத்தை அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் எழுத்து குண்டு குண்டாக வரும் என்று அவருக்குப் பிடிக்கும். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், அதே காரணத்துக்காக. கடிதத்தில் வேப்பிலையைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை.

சொன்ன சொல்லுக்காகப் பூக்கன்றுகளை வெட்டவேண்டியதாயிற்று. கவ்வாத்து ஆண்கள் செய்யும் வேலை. கொழுந்து பறித்த கைக்கு அந்தக் கத்தி படியவில்லை. முதல்நாள் வெட்டிய செம்பரத்தைச் செடி ஆடு கடித்தது போலிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆனபோது ரோஜாக்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கையில் இரண்டு கொப்புளம். இந்திரஜித் சேர் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தார்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. காலைக் கூட்டத்தில் ஒன்பது பெயர்கள் வாசித்தார்கள். கனகம் அக்கா மணியடியில் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஏழாவது பெயர் கம்சலா. அவள் ஒரு கையை மூடியபடியே மேடையேறி, மறுகையால் சான்றிதழை வாங்கினாள். இரண்டு கையாலும் வாங்கும்படி ஓர் ஆசிரியை சைகை காட்டினார். மூடிய கையில் சாவி இருந்தது அக்காவுக்கும் எனக்கும்தான் தெரியும்.

பத்து மணிக்கு அதிபருக்குத் தேநீர் கொண்டுபோனேன். கனகம் அக்கா மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேசையில் சேரின் அறிக்கையும் என் குண்டு எழுத்துக் கடிதமும் கிடந்தன. அதிபர் மேடம் பசறைக்காரர்; தோட்டத்துப் பழக்கமெல்லாம் அறிந்தவர்.

"பூக்கன்று வெட்டக் கத்தி. சரி. வேப்பிலையும் இருந்ததுன்னு சேர் எழுதியிருக்கார். அது எதுக்கு கனகம்?"

அக்கா யோசித்தார். "பூச்சி அண்டாம இருக்க, மேடம்."

அதிபர் தேநீரை எடுத்து இரண்டு வாய் குடித்தார். "பிள்ளை நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா மேடம்."

"ஒரு நாளும் தவறல்ல என்ன?"

"இல்ல மேடம்."

"அறிக்கை வந்த பிறகு இதைக் கோப்புல போடாம இருக்க ஏலாது. பதினாலு வருஷத்துல முதல் கடிதம்."

"போடுங்க மேடம்" என்றார் அக்கா. "செஞ்சது செஞ்சதுதானே."

மத்தியானம் பஸ் தரிப்பிடத்தில் கம்சலாவின் அம்மா காத்திருந்தார். அன்று வேலைக்குப் போகவில்லையாம். சான்றிதழை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் மகளுடைய பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அங்கே விரலை வைத்தார். கனகம் அக்கா செய்தித்தாளில் சுற்றிய கத்தியைக் கொடுத்தார்.

"கூரு மழுங்கிப் போச்சி. மாரிசாமி அண்ணங்கிட்ட சொல்லு, தீட்டிக்கட்டும்."

அந்த அம்மா கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அங்கேயே நின்று கைபேசியில் தம்பி கஜேந்திரனை அழைத்தார்.

"தம்பி, நல்ல சேதிடா. நம்ம கம்சலா பெரியமனுஷி ஆயிட்டா. எப்பவா? இன்னைக்குக் காலையிலதான்டா."

கனகம் அக்கா சட்டென்று திரும்பி, பஸ்ஸின் ஊர்ப்பலகையை வாசிக்கத் தொடங்கினார். தினமும் அவர் ஏறுகிற பஸ்தான் அது.