தலைமையுரையின் நேரம்

மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை எங்கள் கவிதை வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தித் தொகுப்பு போகும். யாருடைய தொகுப்பு வெளிவந்தது, யாருக்கு விருது கிடைத்தது, அடுத்த கூட்டம் எங்கே என்பவைதான் அதில் இருக்கும். பல ஆண்டுகளாக அதை எழுதி வந்தவள் என் மனைவி. அவளும் கவிஞர். சென்ற மழைக்காலத்தில் அவள் காலமான பிறகு அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. நான் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். நடந்து முடிந்தவற்றையே எழுதிப் பழகிய எனக்கு, ‘வரவிருப்பவை’ என்ற கடைசிப் பகுதி மட்டும் எளிதில் எழுத வரவில்லை.

இந்தக் கோடையில் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்தும் இளம்பெண்ணின் முதல் தொகுப்புக்குச் சென்னையில் விருது அறிவித்திருந்தார்கள். எங்கள் கூட்டங்களின் அழைப்பிதழ்களை எல்லாம் கணினியில் அடித்துத் தருபவர் அவர்தான். செய்தியைக் குழுவில் இட்டபோது என் வழக்கத்துக்கு மாறாக ஓர் ஆச்சரியக்குறியும் சேர்த்தேன்.

பாராட்டு விழாவை நூலக மாடியில் மாதத்தின் கடைசி ஞாயிறு முற்பகல் நடத்துவது என்று முடிவாயிற்று. நிகழ்ச்சி நிரலை எடுத்துக்கொண்டு நானும் வட்டத்தின் செயலாளரும் கடைக்குப் போனோம். செயலாளர் பிரம்மதேசத்துக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பட்டம் இல்லாத கவிஞரை அவரால் கற்பனை செய்ய இயலாது.

“பேருக்கு முன்னாடி ‘உப்பளத்து முத்து’ன்னு போடும்மா” என்றார்.

“ஐயோ சார்! என் கடையில நானே எனக்கு முத்துன்னு அடிச்சிக்கினா, நாளைக்கு ஒருத்தரும் ஜெராக்ஸ் எடுக்க வர மாட்டாங்க.”

“சரி, ‘நெய்தல் நிலா’?”

“நிலாவும் வேணாம் சார். ‘ஜெராக்ஸ் கடை’ன்னு போடுங்க. அட்ரஸாவது தெரியும்.”

சிரித்துக்கொண்டே அடித்தவர் நிரலின் பாதியில் நின்றார். வரவேற்புரை, தலைமையுரை, அதன்பின் வரிசையாக வாழ்த்துரைகள், எல்லாவற்றுக்கும் அடியில் அவருடைய ஏற்புரை.

“சார், என் டர்ன் வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?”

“சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்” என்றேன்.

“அப்ப எங்கம்மா தூங்கிடும் சார்.”

அவருடைய தாயார் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாரி, வெயில் ஏறியதும் வீடு திரும்பி, உண்டபின் உறங்கிவிடுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாது. மகளின் கவிதைகளில் ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை.

“நான் எழுதறது எல்லாமே அதப் பத்திதான் சார். ஊருக்கே தெரியும், அதுக்குத்தான் தெரியாது. வூட்ல படிச்சிக் காட்ட வெக்கமா இருக்குது. மைக்ல படிச்சிடுவேன். அது முழிச்சிக்கினு இருக்கணும், அவ்ளோதான்.”

“அப்படியானால் ஏற்புரையை முதலில் வைக்கலாமே” என்றேன்.

தலைமையாசிரியர் என்னை வருத்தத்துடன் பார்த்தார். “இன்னும் பாராட்டவே இல்லயே சார். எதை ஏத்துக்கும் இந்தப் பொண்ணு?”

தர்க்கப்படி அவர் சொன்னது சரி. தவிர, வாழ்த்த வருபவர்களின் வரிசையை மாற்றினால் மனத்தாங்கல் வரும். நிரல் மாறாமலே அச்சாயிற்று.

அதே நூலக மாடியில்தான் என் மனைவிக்கும் ஒருமுறை பாராட்டு விழா நடந்தது. அவள் ஏற்புரைக்கு எழுந்தபோது நூலகத்தை மூடும் நேரம் ஆகிவிட்டது. ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். படிப்பதற்காகக் கொண்டுவந்த கவிதையை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று சிரித்தபடியே படியிறங்கினாள். நான் பின்னால் பொன்னாடைகளைச் சுமந்து வந்தேன்.

விழாவன்று தாயார் தம்முடன் வேலை செய்யும் பெண்களை அழைத்து வந்திருந்தார். குளித்து, ஈரத்தலையில் பூ வைத்திருந்தார்கள். படித்தவர்கள் வழக்கம்போல் முன்வரிசையைக் காலியாக விட்டிருந்ததால் அங்கேயே அமர்ந்தார்கள். வரவேற்புரை நீண்டது. தாயாரின் தலை ஒருமுறை சரிந்து நிமிர்ந்தது. மேடையிலிருந்த மகள் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அடுத்தது என் தலைமையுரை. தலைவரின் நேரத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் கூட்டங்களில் அசைக்க முடியாத மரபு அது ஒன்றுதான். சட்டைப் பையில் நான் எழுதி வைத்திருந்த உரை இருந்தது. அதை எடுக்கவில்லை.

“தலைமையுரையின் நேரம் முழுவதையும் விருது பெற்ற கவிஞருக்குத் தருகிறேன்” என்று சொல்லிவிட்டு அமர்ந்தேன்.

“இன்னா சார் இது?” என்று தலைமையாசிரியர் காதருகே கேட்டார்.

“தலைமையுரைதான் நடக்கிறது” என்றேன்.

கவிஞர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். விடியுமுன் போய் உப்பு வாரிய தாய் வீடு திரும்புகிறாள். அடுப்படியில் உப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்துடன் மகளை அனுப்புகிறாள். கவிதை அந்த இடத்துக்கு வந்தபோது முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

“ஏய், அன்னிக்கு இல்லாதது உப்பு இல்லடி, புளி!”

கூடம் சிரிப்பில் குலுங்கியது. மகள் ஒலிபெருக்கியிலேயே பதில் சொன்னார். “எம்மா, இது கவிதைம்மா. உப்புன்னாதான் நல்லா இருக்கும்.”

“அதுக்காக நம்ம வூட்ல உப்பு இல்லன்னு ஊரக் கூட்டிச் சொல்லுவியா?”

“புளி இல்லன்னா மட்டும் உனுக்கு ரொம்பப் பெருமையா? சும்மா கேளுக்கா” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“சரி சரி, படி.”

மகள் வெறுங்கிண்ணத்துடன் திரும்பி வருகிறாள். தாய் அலுப்பில் கையைச் சரியாகக் கழுவாமலே சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறாள். சோற்றில் உப்பு சரியாக இருந்தது என்று கவிதை முடிந்தது.

தாயார் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நெசந்தான்” என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார். பிறகு மேடையை நோக்கி, “நல்லாத்தான் இருக்குது. இன்னொண்ணு படி” என்றார்.

கவிஞர் இன்னொன்று படித்தார். அதற்கப்புறமும் படித்தார். ஒவ்வொன்றுக்கும் முன்வரிசையில் திருத்தங்களும் ஒப்புதல்களும் எழுந்தன. எத்தனையோ விமர்சனக் கூட்டங்களுக்குத் தலைமை வகித்திருக்கிறேன். இவ்வளவு விழிப்பான ஒன்றை நான் கண்டதில்லை.

வாழ்த்துரைகள் தொடங்கியதும் தாயார் நிம்மதியாக உறங்கிவிட்டார். மின்விசிறிக் காற்று நேராக அவர்மேல் அடித்தது. மகள் தமக்குப் போர்த்திய முதல் பொன்னாடையை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிவந்து, அவருக்குப் போர்த்திவிட்டுப் போனார். அப்போது பேசிக்கொண்டிருந்த தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போன தருணம் அது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது தாயார் என்னை நிறுத்தினார்.

“சார், உங்க வூட்டம்மாவும் எழுதுவாங்களாமே, பொண்ணு சொல்லுச்சு. அதயும் இப்டி மைக்ல படிக்கச் சொல்லுங்க. நேரத்தோட வெச்சிடுங்க, நான் வர்றேன்.”

அன்று மாலை ‘வரவிருப்பவை’ பகுதியை ஒரே மூச்சில் எழுதினேன். அடுத்த கூட்டம் என் மனைவியின் கவிதைகள் வாசிப்பு. வாழ்த்துரைகள் அதன் பின்னர். அனுப்பிய சற்று நேரத்தில் தலைமையாசிரியர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, தலைமையுரை யார் என்று கேட்டிருந்தார்.

நான்தான் என்று பதில் அனுப்பிவிட்டு, அவளுடைய கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்தேன். ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். தலைமையுரைக்குரிய நேரத்தைவிடச் சற்று அதிகமாகவே ஆயிற்று.