தெற்கு இல்லாத ஊர்

1. சிவப்பு

லுமேராவை முதன்முறையாக ஒரு முழு நாளுக்கு ஓடவிட்ட காலை, ஊரின் தெற்குப் பக்கம் திரையில் சிவந்து கிடந்தது. எங்கள் மென்பொருளில் சிவப்பு என்றால், சனம் போக வேண்டிய இடத்துக்கு நேரத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம். ரயில் மேடைகளில் ஆட்கள் நிறைந்து நின்றார்கள். வந்த ரயில்கள் அவர்களை ஏற்றாமல் போயின. காரில் கிளம்பியவர்கள் விரைவுச்சாலையான மோட்டர்வேயின் வாசலில் நின்றார்கள். வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் பாதி ஷிஃப்ட் முடிந்த பிறகுதான் சேர்ந்தார்கள்.

பக்கத்து மேசையிலிருந்து வித்யா நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்து பார்த்தாள்.

"அக்கா, ஏதோ பக் மாதிரி இருக்கே. மறுபடி ஓட்டிப் பாக்கலாமா?"

ஓட்டினோம். மறுபடியும் அதே சிவப்பு. பக், அதாவது நிரலில் பிழை, ஏதும் இல்லை. அந்த ஊர் நடத்த இருந்த பெரிய விளையாட்டு விழாவின் நாட்களில் அதன் தெற்கில் குடியிருப்பவர்கள் வேலைக்குப் போக முடியாது என்று எங்கள் கணினி மாடல் சொன்னது. அது சரியாகத்தான் சொன்னது.

லுமேரா என்று ஓர் ஊர் உலகில் எங்கும் இல்லை. நாங்கள் கணினியில் உண்டாக்கிய ஊர். என் வேலை போவதற்கு முன் நான் செய்த கடைசிப் பெரிய வேலை அதுதான். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சிலர், "சிமுலேஷன்தானே, பொம்மை ஊர்தானே" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வாசிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

2. ஊர் ஒன்று செய்தோம்

எங்கள் கம்பெனி ஆக்லாந்து நகரின் வடக்கில், கிளென்ஃபீல்ட் மாலுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. போக்குவரத்து மாடல் செய்வதுதான் தொழில். ஒரு வீதியை மூடினால், ஒரு ரயிலைக் கூட்டினால், ஊர் எப்படி நகரும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துச் சொல்வோம். நான் நகரின் தெற்கே மனுரேவாவிலிருந்து போய் வந்தேன். முதலில் ரயில், பிறகு பாலம் கடக்கும் பஸ். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகிற வேலை. ரயில் பிந்தினால் யார் யார் முகம் எப்படி மாறும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கத் தேவை இருக்கவில்லை.

முதலாளி தனபாலன் மலேசியாவில், கிள்ளானில் பிறந்தவர். எல்லாருக்கும் அவர் தனா. என்னைவிட இளையவர். தனியாக இருக்கும்போது என்னை அக்கா என்று கூப்பிட்டு, மலேசிய வழக்கில் 'லா' போட்டுத் தமிழில் பேசுவார், மீட்டிங்கில் ஆங்கிலம்தான். தமிழில் வந்தால் அது உதவி கேட்பது, ஆங்கிலத்தில் வந்தால் உத்தரவு. வித்யா மதுரைப் பெண். கெட்டிக்காரி. கம்பெனி கொடுத்த வேலை விசாவில் இருந்தாள். கணவனும் சின்ன மகளும் அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாட்டில் இருந்தார்கள்.

பல விளையாட்டுகள் சேர்ந்த பெரிய விழாக்களை நடத்தும் வெளிநாட்டு அமைப்பு ஒன்று, ஊர்களைத் தெரிவு செய்வதற்குப் புதிய முறை ஒன்றைச் சோதிக்க விரும்பியது. உண்மையான ஊர்களைக் கூப்பிட்டால் அரசியல் வரும். ஆகவே மென்பொருள் கம்பெனிகளைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கற்பனை ஊரைச் செய்து, அந்த ஊரே விழாவை நடத்த விண்ணப்பிப்பதுபோல வரச் சொன்னது. வெல்லும் ஊரைச் செய்தவர்களின் மென்பொருளைத்தான் இனி விழாவுக்கு விண்ணப்பிக்கும் உண்மையான ஊர்கள் பயன்படுத்த வேண்டும். பரிசு அதுதான். எங்களுக்கும் அழைப்பு வந்த அன்று தனா ஆபீசுக்கே கேக் வாங்கி வந்தார்.

துறைமுகம், ஸ்டேடியம், வீரர் குடியிருப்பு எல்லாவற்றையும் மற்றவர்கள் செய்தார்கள். சனத்தைச் செய்யும் வேலை எனக்கு. ஊர் என்றால் யாராவது அதைக் கூட்டிக் கழுவ வேண்டும், சமைக்க வேண்டும், பெட்டி தூக்க வேண்டும். அவர்களை நான் தெற்கில் குடிவைத்தேன். ஒரு வீட்டில் இரண்டு குடும்பம். ஒரு காரில் மூன்று ஷிஃப்ட். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓடும் தாய். எல்லாம் என் தெருவில் கண்டதுதான்.

வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் கணவர் ஜெறோம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.

"இஞ்ச, உம்மட ஊரில சனம் எத்தினை மணிக்கு எழும்புது?"

"நீங்கள் எழும்புற நேரத்துக்குத்தான்."

"அப்ப பாவங்கள்," என்று சிரித்தார்.

3. எல்லைக் கோட்டை மேலே தூக்குதல்

தனா சிவப்பைப் பார்த்ததும் கூடுதல் ரயில் விடச் சொன்னார். விட்டோம். பயனில்லை. விழாவுக்கு வருகிறவர்களின் ரயில்கள் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டன. மோட்டர்வேயின் ஒரு பாதை வீரர்களின் பஸ்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. விழாவைச் சின்னதாக்கினால் தெற்கு நகரும் என்று காட்டினேன். சின்ன விழாவுக்கு யார் பரிசு கொடுப்பார்கள் என்று கேட்டார்.

அடுத்த நாள் என் மேசைக்கே வந்தார். தமிழில் ஆரம்பித்தார்.

"அக்கா, நான் ஒன்னும் பொய் சொல்லச் சொல்லல லா. எந்த மாடலுக்கும் ஒரு பார்டர் வேணும்தானே? நம்ம பார்டர கொஞ்சம் மேல தூக்கி வச்சிடுவோம். அவ்வளவுதான்."

"மேல தூக்கினா தெற்கு முழுக்க வெளியில போயிடும், தம்பி."

"போகட்டுமே. அவங்கள யாரு அழிக்கச் சொன்னா? ஊருக்கு வெளிய இருக்காங்க, அவ்வளவுதான்."

"அந்தச் சனம்தானே வீரர் குடியிருப்பைக் கழுவப் போகுது. அதுகள் எங்கையிருந்து வரும்?"

"கேட் வைங்க."

கேட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். எந்த மாடலும் எங்கோ ஓரிடத்தில் முடிய வேண்டும். முடிகிற கோட்டில் வீதி உள்ளே நுழையும் இடத்துக்கு நாங்கள் கேட் என்போம். அடுத்த மாவட்டத்திலிருந்து எப்போதாவது வருகிறவர்களைக் காலையில் அந்தக் கேட்டில் தோன்ற வைப்போம், மாலையில் அதே கேட்டில் மறைய வைப்போம். தொழிலில் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஊரின் கூலிக்காரர் எல்லாரையும் அதில் போடுவதற்காக யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

விண்ணப்பத்தில், மாடலைப் பரிசீலித்துக் கையெழுத்திட்டவர் என்று என் பெயர் போக வேண்டும். மாட்டேன் என்றேன். தனாவின் முகம் மாறவில்லை. ஆங்கிலத்துக்கு மாறினார். வித்யா பரிசீலிப்பாள், அவளுக்கும் இது நல்ல வாய்ப்பு என்றார்.

வித்யா என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தாள்.

"வீட்டுக்காரருக்கு வேல போயிருச்சு அக்கா. நான் முடியாதுன்னா நாளைக்கே விசா பத்திப் பேசுவாங்க. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

நான் குடியுரிமை வாங்கிப் பல காலம். வீட்டுக் கடனும் முடிந்துவிட்டது. 'நீயும் மறு' என்று அவளிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ் வந்தது, ஏறினேன்.

4. அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்?

நடுவர்கள் மூன்று பேர் ஆக்லாந்துக்கே வந்தார்கள். துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு ஹோட்டல் அறையில், சுவர் முழுக்க லுமேரா ஓடியது. சிவப்பு எங்கும் இல்லை. ரயில் கேள்வி ஏதும் வந்தால் பதில் சொல்ல நான் வேண்டும் என்று தனா என்னையும் கூட்டிப்போயிருந்தார்.

நடுவர்களில் ஒரு பெண் ஏதோ ஓர் ஊரில் பஸ் சேவை நடத்தியவராம். அவர்தான் கேட்டார்: "வீரர் குடியிருப்பைச் சுத்தம் செய்பவர்கள் வேலைக்கு வர எவ்வளவு நேரமாகிறது?"

வித்யா திரையைத் தொட்டுக் காட்டினாள். கால் மணி நேரத்துக்கும் குறைவு.

"எங்கள் ஊரில் இப்படி ஒருநாளும் இருந்ததில்லை," என்றார் அந்தப் பெண். "இவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்?"

வித்யா தனாவைப் பார்த்தாள். தனா தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். நான் எழுந்தேன்.

"இவர்களுக்கு இந்த மாடலில் வீடு இல்லை," என்றேன். "காலையில் அந்தக் கேட்டில் தோன்றுவார்கள், மாலையில் அங்கேயே மறைவார்கள். நீங்கள் பார்த்த நேரம் கேட்டிலிருந்து கணக்கு. வீட்டிலிருந்து கேட் வரையான நேரம் இதில் சேரவில்லை. தெற்கில் இவர்களுக்கு ஒரு பகுதி இருந்தது. அதை வெட்டிவிட்டோம்."

"வெட்டுவதற்கு முன் ஓட்டினீர்களா?"

"ஓட்டினோம். அவர்களால் வேலைக்குப் போக முடியவில்லை."

தனா சிரித்த முகத்தோடு எழுந்து, அது வேறு திட்டத்தில் வருகிற விஷயம், இந்த விண்ணப்பத்தின் எல்லைக்குள் இல்லை என்றார். எல்லை என்ற சொல்லை அவர் அத்தனை இயல்பாகச் சொன்னார். நடுவர்களில் நடுவே இருந்தவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த பகுதிக்குப் போகலாமா என்றார். போனோம்.

தேநீர் வேளையில் அந்தப் பெண் என்னிடம் வந்து நின்றார்.

"நீங்கள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும்," என்றார். "ஆனால் புள்ளி போடும் தாளில் அதற்கு இடமே இல்லை."

அவர் நல்ல மனுஷி. எனக்கு பிஸ்கெட் தட்டைக்கூட நகர்த்தி வைத்தார்.

லுமேரா வென்றது. நடுவர்கள் அனுப்பிய குறிப்பில் எங்களை விசேஷமாகப் பாராட்டியிருந்த இடத்தைத் தனா மீட்டிங்கில் உரக்க வாசித்தார்: பணியாளர்களின் பயண நேரத்தில் மற்ற எல்லா ஊர்களையும்விட லுமேரா முன்னால் நிற்கிறது. எல்லாரும் கைதட்டினார்கள். வித்யாவின் கைகள் மேசைக்குக் கீழே இருந்தன.

5. கருத்துக் கேட்டல்

இந்த நாட்டில் ஒருவரை வேலையை விட்டு அனுப்ப ஒரு நாகரிகமான முறை இருக்கிறது. கம்பெனியை மறுசீரமைக்கிறோம், உங்கள் பதவி தேவைப்படாமல் போகலாம், இன்னும் முடிவெடுக்கவில்லை, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்பார்கள். நான் கருத்து எழுதினேன். நன்றி என்று பதில் வந்தது. பதவி போனது.

கடைசி நாள் தனா லிஃப்ட் வரை வந்தார்.

"அக்கா, இது நான் பண்ணல. போர்டு எடுத்த முடிவு. மனசுல வச்சுக்காதீங்க லா."

"ஓம் தம்பி," என்றேன். "என்ர பதவியையும் கோட்டுக்கு வெளியில வைச்சிட்டியள்."

அவர் சிரித்தார். பகிடி என்று எடுத்துக்கொண்டார். அதற்குமேல் விளக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் ஜெறோம் கோபப்படவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, "அந்தக் கற்பனை ஊருக்காக உண்மையான வேலையை விட்டிட்டீர்," என்றார். அது குற்றச்சாட்டா, பெருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போனார்.

6. வித்யா வந்தாள்

பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சில் பூசை முடிந்து வந்த நேரம், வித்யா வாசலில் நின்றாள். நிரந்தர விசா கிடைத்துவிட்டதாம். மகளின் பள்ளிக்கூடத்துக்காக எப்சம் பகுதியில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார்கள். என் பதவி இப்போது அவளுக்கு, வேறு பெயரில்.

"விசா வந்ததும் தனாகிட்ட போய்க் கேட்டேன் அக்கா. தெற்கத் திரும்பச் சேத்துடலாம்னு. 'ஜெயிச்ச ஊர யாராவது மாத்துவாங்களா'ன்னு சொல்லிட்டார்."

"பிறகு?"

"நெசமான ஊரு ஒண்ணு இப்ப நம்ம சாஃப்ட்வேர வாங்கியிருக்கு. போன வாரம் அவங்ககூட முதல் மீட்டிங். அவங்க கேட்ட முதல் கேள்வியே, 'எங்க ஊர்ல அந்த கேட்டை எங்க வைக்கலாம்'னுதான்."

அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். அவள் புறப்படும்போது, "என் மேல கோவமா அக்கா?" என்று கேட்டாள். மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். ஓம், கோவம்தான் என்று சொன்னேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றும் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மாடலின் முடிவு திரையில் வந்த பிறகு மறுப்பதால் அதிகம் நடக்காது. நீங்கள் வைக்காத கையெழுத்தை வைக்க, வேறு வழியில்லாத ஒருவர் பக்கத்து மேசையிலேயே இருப்பார். மாடலை முதன்முதலாக ஓட்டுவதற்கு முன்பே, எது சிவக்கும் என்று யாருக்கும் தெரியாத அந்த வேளையிலேயே, ஊர் எங்கே முடிகிறது என்று எல்லார் கையெழுத்தோடும் தீர்மானித்துவிடுங்கள். பிறகு அந்த எல்லைக் கோட்டில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

நாங்கள் அப்படிச் செய்திருந்தால் லுமேரா தோற்றிருக்கும். தோற்க வேண்டிய ஊர்தான் அது.