ஃபுல்க் எஜமானின் கால்

வாரினின் பாதி ஆயுசு ஒரு காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்தே கழிந்தது. ஃபுல்க் எஜமான் நடந்தால் ஒரு கால் அழுந்தி விழும், மற்றது இழுத்துக்கொண்டு வரும். சத்தம் கூடத்தை எட்டுமுன் ரொட்டியின் முதல் துண்டை அறுத்து அவர் இடத்தில் வைத்துவிட வேண்டும். இளவயதில் குதிரை புரண்டு முறிந்த அந்தக் காலுக்குக் கட்டுப்போட்டவனே வாரின்தான். எலும்பு கோணலாகக் கூடியது.

"உன் வைத்தியத்துல வாத்து மாதிரி நடக்கறேன்டா" என்று எஜமான் சிரிப்பார். சிரித்துக்கொண்டே காரியஸ்தனுக்குரிய வெள்ளைக் கோலையும் கொடுத்தார். அன்றுமுதல் களஞ்சியம், சமையல்கட்டு, ஆள்படை எல்லாம் வாரின் பொறுப்பு. எஜமானைப் புதைக்கிற அன்று அந்தக் கோலை ஒடித்துக் குழியில் போடவேண்டும். அதுவரை அவன் அவருடைய ஆள், அப்படித்தான் சத்தியம்.

பிரான்சுக்குச் சண்டைக்குப் போனவர் வரவில்லை. அறுவடை முடிந்ததும் ஒரு தோல்பை வந்தது. தூரதேசத்தில் செத்த பெரிய மனிதர்களை வேகவைத்து, எலும்பை மட்டும்தான் அனுப்புவார்கள்.

பெட்டியில் அடுக்கியது வாரினும் எஜமானி இதோனியாவும். கால் எலும்புகள் இரண்டும் நேராக இருந்தன. வாரின் விரலால் தடவிப் பார்த்தான். மறுபடியும் தடவினான்.

"அம்மா, எஜமானோட காலு..."

"எனக்குத் தெரியாதா அந்தக் காலு? மூடு."

"எங்கயாவது உசுரோட இருந்தா?"

"இருந்தா வரட்டும். செத்தார்னு ஆனாத்தான் விதவைக்குள்ள சொத்துப் பங்கு எனக்குக் கிடைக்கும். இல்லேன்னா, அண்ணன் வர்றவரைக்கும் நான் பாத்துக்கறேன்னு அவர் தம்பி வந்து உக்காந்துக்குவான். நானும் நீயும் இந்த வீட்டு ஆளுங்க அத்தனைபேரும் பனியில நிக்கணும்."

வாரின் மூடினான்.

குழியருகே கோல் இவ்வளவு லேசாக ஒடியும் என்று அவன் நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் விருந்தில் பழக்கத்தில் கை முதல் துண்டை அறுத்துக்கொண்டு காலி நாற்காலிக்குப் போய்விட்டது. சமையல்காரன் ஹாமோ ஏற்கெனவே நாலு குவளை மது போட்டிருந்தான்.

"என்ன காரியஸ்தரே, காத்துக்கா பரிமாறுறீங்க? காத்துக்குப் பல்லு கிடையாது, எனக்கு இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அடியில், வெளிப்படிக்கட்டில், ஒரு கால் அழுந்தி விழுந்தது. மற்றது இழுத்துக்கொண்டு வந்தது. ஒருவரும் திரும்பவில்லை. எஜமானியின் கை மட்டும் குவளையோடு பாதியில் நின்றது.

சத்தம் கதவுவரை வந்து நின்றுவிட்டது.

"அங்கயே வை, வாரின்" என்றாள், கதவைப் பார்க்காமல்.

வைத்தான். அவள் இருந்தவரை முதல் துண்டு அந்த இடத்துக்குத்தான் போயிற்று. ஏனென்று கேட்டால் வழக்கம் என்பான். சொல்லும்போது அவன் காது படிக்கட்டுப் பக்கம் இருக்கும்.