கறுப்பு முட்டியுறை

அத்தை ஆடிய கூடைப்பந்து அணி வருடம் தவறாமல் கோப்பை வாங்கியது. கம்பெனி அணி அது. ஆடுவதற்காகத்தான் வேலை கொடுத்திருந்தார்கள். அம்பத்தூரில் அந்தக் கம்பெனியின் கேன்டீன் சுவரில் வருடத்துக்கு ஒரு போட்டோ தொங்கும். நடுவில், மடியில் கோப்பையோடு மேனேஜர். பஸ்ஸுக்குக்கூட ஓடியிராத ஆள். சுற்றிலும் பெண்கள். முதல் போட்டோவில் வெறும் முழங்கால் முட்டிகள். அடுத்ததில் இரண்டு பேர் கறுப்பு முட்டியுறை போட்டிருப்பார்கள். கடைசிப் போட்டோவில் எல்லோருமே. கோப்பை ஜெயித்தால் உறை கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று ஒன்பது வயதில் நான் நினைத்திருந்தேன்.

இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, வீட்டில் அத்தை உறையைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டேன். முட்டி பந்து மாதிரி வீங்கியிருந்தது. அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாயத் தொறந்த, அவ்ளோதான். இந்தக் கப்பு அடிச்சாதான் என்னப் பர்மனென்ட் பண்ணுவானாம். காலு போச்சுன்னு தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்சிடுவான்."

அப்பாவின் லேத் பட்டறை மூடிக் கிடந்த நேரம் அது. அத்தையின் வேலையில்தான் வீட்டில் உலை கொதித்தது. இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவடி மைதானத்தில் நான் பந்தையே பார்க்கவில்லை. அத்தையின் வலது முட்டியைத்தான் பார்த்தேன். கடைசி நிமிடங்களில் அத்தை எகிறிப் பந்தைப் போட்டுவிட்டுத் தரையில் இறங்கினாள். அவள் முகம் கோணியது.

"அத்தே! முட்டி! உக்காந்துடு அத்தே!"

நான்தான் கத்தினேன். மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு அத்தையின் காலைப் பார்த்தான்.

"இன்னா அது? யாருக்கு முட்டி?"

கேப்டன் அக்கா ஓடி வந்தாள். "அந்தப் பாப்பா உழுந்து முட்டியப் பேத்துகிச்சு சார். அதான் அத்தையக் கூப்புடுது."

நான் சட்டென்று என் முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நடிக்கத் தேவையே இருக்கவில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆட்டம் தொடர்ந்தது. ஜெயித்தார்கள்.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் உறையைக் கழற்றினார்கள். ஒருத்தி முட்டியில் நீளத் தையல். இன்னொருத்திக்கு இரண்டு காலிலும் கட்டு. கேப்டன் அக்காவுக்கு உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அத்தையிடம் அடி வாங்கப்போகிறேன் என்று நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். கேப்டன் அக்கா கூப்பிட்டு, தன் உறையை என் காலில் மாட்டிவிட்டாள்.

"நீயும்தான் இன்னிக்கு ஆட்டம் ஆடிட்ட. வெச்சிக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அத்தைக்கு வேலை நிரந்தரமானது. இப்போது அவளால் மாடிப்படி ஏற முடியாது. மேனேஜர் நன்றாக நடக்கிறான்.

அந்த வருடப் போட்டோவில் ஓரத்தில் நானும் இருக்கிறேன். அவர்கள் எல்லோரும் முட்டியைக் கைகளால் மூடிக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும், நழுவும் உறையோடு, காலை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறேன். மெடல் வாங்கியவள் மாதிரி.