கெங்கம்மா பறிக்காமல் விட்ட கீரை

கெங்கம்மா அக்காவும் நானும் நெட்டுக்குப்பத்துக் கழிமுகத்தில் இறால் தடவுகிறவர்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். வாயில் பறி இருக்கும்வரை பேச முடியாது. எனக்கு அது வசதி. அக்காவுக்குத்தான் கஷ்டம், கரையேறியதும் அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டிவிடுவார்.

முன்பு எங்கள் கரை முழுவதும் உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரங்கள். அவற்றின் வேரடியில்தான் இறால் ஒதுங்கும். அடுப்புக்கும் வேலிக்கும் ஊரே வெட்டித் தீர்த்தது. வெட்டிய இடத்தை வேலிக்காத்தான் முள் பிடித்துக்கொண்டது. 2001இல் ஒரு லாரி முதலாளி அங்கே மண் கொட்டி மேடாக்கி லாரி நிறுத்த இடம் கேட்டார். "முள்ளு கெடக்கற எடம்தானே, குடுத்துட்லாம்" என்றார் ஊர்த் தலைவர் அருள்பிரகாசம்.

கூட்டத்தில் பெண்கள் பின்னால் நிற்பதுதான் வழக்கம். அக்கா முன்னால் போனார்.

"மண்ணு கொட்டிட்டா நான் எங்க போயி தடவறது தலைவரே? முள்ள நாங்க வெட்றோம். எதிர்க்கரையில கண்டல் கீது. வெத மெதந்து வந்து தானா மொளைக்கும்."

"மொளைக்கலன்னா?"

"ரெண்டு மழை பாருங்க. அப்பவும் மொளைக்கலன்னா லாரிய வுடுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நீயா?" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

புரட்டாசியில் வெட்டினோம். முள் கிழிக்காத கை இல்லை. கரையோரம் உமரிக்கீரை அடர்ந்து கிடந்தது. அதையும் ஒட்டப் பறித்தோம். இறாலோடு போட்டுக் குழம்பு வைத்தால் உப்பே வேண்டாம், யார்தான் விடுவார்கள்? கரை வீட்டு வாசல் மாதிரி சுத்தமானது.

"இன்னா கெங்கா, சேத்துல கோலம் போடப் போறியா?" என்றாள் தாயம்மா. லாரி வந்தால் தன் புருஷனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்தவள்.

"நான் போட்றேன், நீ வந்து புள்ளி வையி."

ஐப்பசியில் பச்சை விதைகள் மிதந்து வந்தன. ஒரு கடலேற்றம் கொண்டுவந்து போட்டதை அடுத்தது அள்ளிக்கொண்டு போனது. மழை முடிந்தபோது வெறும் சேறு.

ஒரே ஒரு மூலையில் மட்டும் நாற்று நின்றது. ஆடித் திருவிழாக் கரகத்தைத் தண்ணீரில் விடுகிற மூலை அது. அம்மன் நடந்த இடம் என்பதால் அங்கே யாரும் எதையும் பறிப்பதில்லை. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அக்காவும் போட்டுக்கொண்டார், பிறகு உட்கார்ந்து விரலால் விலக்கிப் பார்த்தார். ஒவ்வொரு நாற்றும் உமரித் தண்டுகளுக்குள் சிக்கி நின்றிருந்தது.

"கீரைதான்டி வெதைய புடிச்சி வச்சிகினு கீது. நாம அத கொழம்புல போட்டுட்டோம்."

உமரி மறுபடி துளிர்த்தது. பறிக்காதீர்கள் என்று அக்கா வீடு வீடாகச் சொன்னார். ஓசியில் கிடைக்கிற கீரையை யார் விடுவார்கள்? தாயம்மாவின் கூடையை அக்கா பிடித்து இழுக்க, இருவரும் சேற்றில் விழுந்து எழுந்தார்கள். ஆடி வந்ததும் அக்கா நேராகப் பூசாரியிடம் போனார்.

"இந்த வருசம் கரகத்த கரை பூரா தூக்கினு நடந்து, அந்தக் கடைசியில வுடலாம் சாமி."

"ஏம்மா?"

"கீரைய காப்பாத்தணும். வேற ஒண்ணுமில்ல."

பூசாரி சிரித்துவிட்டார். "நடக்கறதுக்கு ஆத்தா அலுத்துக்க மாட்டா. வா."

மேளத்தோடு கரகம் கரை முழுவதும் நடந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் அங்கே கை வைக்கவில்லை. உமரி கணுக்கால் மறைய வளர்ந்தது. ஐப்பசியில் வந்த விதைகள் அதில் சிக்கி அங்கேயே தங்கின.

கார்த்திகைக் கடைசியில் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மூலையிலிருந்து கடைசிவரை, கீரைக்கு மேலே இரண்டிரண்டு இலையாக நாற்றுகள்.

"இத்தினியும் நீ நட்டதா?"

"நான் இன்னா நட்டேன்? பறிக்காம வுட்டேன்."

லாரிக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி அன்றே ஆள் அனுப்பினார். வேரடியில் இறால் ஒதுங்க இன்னும் வருஷங்கள் ஆகும். அக்கா பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"அப்போ கொழம்புக்கு கீரை எங்கடி போறது?" என்று கரையிலிருந்து கத்தினாள் தாயம்மா.

அக்காவால் பதில் சொல்ல முடியாது. நான் பறியை வாயிலிருந்து எடுத்தேன்.

"முருங்கக்கீரை போடு தாயம்மா."