போயா அன்று எல்லோரும் மலையில் நின்றார்கள்

என் கூட்டாளியைப் பற்றி எழுதலாம் என்று கொப்பி வாங்கப் போனேன். கடைக்காரர், "பேரப்பிள்ளைக்கா அம்மாயி?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். எனக்குப் பேச்சும் வராது, பொய்யும் வராது. "எனக்குத்தான். செத்துப்போன கூட்டாளியப் பத்தி எழுத," என்று சொல்லிவிட்டேன். பன்வில பஸ்ஸில் நான் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். அவள் செத்து இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். விறகுக்குப் போனவளை யாரோ அடித்துக் கொன்று, தேயிலைக்கு நடுவே தண்ணி ஓடும் கானுக்குள் போட்டுவிட்டார்கள். காதுத் தோடு காதிலேயே இருந்தது. யார், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. அப்போது நடை பழகிக்கொண்டிருந்த அவள் மகள், இப்போது கண்டி டவுனில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது அவள்தான் கேட்டாள்.

"அம்மா எப்படிச் செத்தாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க பெரியம்மா. எப்படி இருந்தாங்கன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. எனக்கு அவங்க கொரல்கூட ஞாபகமில்ல. நீங்க எழுதித் தாங்க."

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து வரும், மெதுவாக வரும். முதல் வரி எழுதினேன்: 'அவள் சிரித்தால் அடுத்த மலைக் கங்காணி திரும்பிப் பார்ப்பார்.' இரண்டாவது வரியை யோசிக்கும்போது வாசலில் ஆள்.

பழைய கணக்கப்பிள்ளை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றார். அவர் சும்மா வந்து நான் பார்த்ததே இல்லை. கூச்சத்தில் தலையைக் குனிந்து கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் பேனா இருந்தது. கொலையைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"அவ செத்த அன்னிக்கி நான் மலையில கொழுந்து நிறுத்துக்கிட்டு நின்னேன். எழுதிக்கங்க."

மலை என்றால் எங்களுக்கு வேலை செய்யும் தேயிலைக்காடு. எழுதச் சொன்னார், எழுதினேன்.

அடுத்த நாள் கீழ் லயத்து வீடொன்றுக்கு மருமகனாக வந்தவர் முறுக்கோடு வந்தார். அவர் மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டு நின்றாராம். பிறகு கோயில் தலைவர், ஒரு டின்பாலோடு. அவர் மலையில் மருந்து அடித்தாராம். நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அந்தத் துணிச்சல் ஏது? முகம் பார்க்க வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பேன். நான் பேசாதிருக்கப் பேசாதிருக்க, அவர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேலும் மேலும் சொல்வார்கள்.

"பேர் போடுவீங்களாக்கா?" என்று அந்த மருமகன் கேட்டார்.

"யார் பேரும் போடல."

முகம் தெளிந்தது. பிறகு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "அப்ப, மலையில நின்னது நான்தான்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இப்படியே கொப்பியில் பாதி போய்விட்டது. அவளோ இன்னும் முதல் வரியிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தேன். அப்போதுதான் உறைத்தது. அவள் செத்த அன்று காலையில் அவளும் நானும் பீலித் தண்ணியில் கம்பளி துவைத்தோம். வேலை நாளில் கம்பளி துவைக்க யாருக்கு நேரம்? அன்று போயா, பௌர்ணமி லீவு. எங்கள் தோட்டத்தில் போயாவுக்குப் பேர் கூப்பிடும் பிரட்டும் இல்லை, கொழுந்தும் இல்லை, நிறுவையும் இல்லை.

எங்கள் லயத்து ஆம்பிளைகளிடம் எங்கே இருந்தாய் என்று யார் கேட்டாலும், வாய் தானாகவே 'மலையில நின்னேன்' என்று சொல்லிவிடும். பெண்சாதி கேட்டாலும் அதுதான், போலீஸ் கேட்டாலும் அதுதான். அன்றைக்கு வந்த போலீஸ் சார்ஜனும் எல்லாவற்றையும் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனார். அவரும் கலண்டரைப் பார்க்கவில்லை. என் கொப்பியின்படி, லீவு நாளில் ஒரு தோட்டமே பாடுபட்டு உழைத்திருக்கிறது. துரை வாசித்தால் கண் கலங்கியிருப்பார்.

கடைசியாக வந்தவர் பக்கத்துக் காம்பிரா அண்ணன், சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். அவித்த பலாக்கொட்டை கொண்டுவந்தார். பிளேன்டீ கொடுத்தேன். "அன்னிக்கி நான் மலையில..." என்று தொடங்கினார்.

"அண்ணே, அன்னிக்கிப் போயா."

அவர் தேத்தண்ணியையே பார்த்தார்.

"பள்ளத்துல இருந்தோம் தங்கச்சி," என்றார் பிறகு. "போயாவுக்கு பார் பூட்டு. அதனால களவாக் கசிப்பு குடிச்சிக்கிட்டிருந்தோம். கணக்கப்பிள்ள, கோயில் தலைவரு, எல்லாந்தான். ஒன் கூட்டாளி வெறகோட அந்த வழியா வந்தா. நாங்க செடிக்குள்ள மூஞ்சிய மறைச்சிக்கிட்டுப் படுத்துட்டோம். அவ நின்னு சத்தம் போட்டா பாரு."

"என்னன்னு?"

சொன்னார். ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்திருந்தார்.

"அப்புறம் எங்க போனா?"

"சிரிச்சிக்கிட்டே மேல் ரோட்டுப் பக்கம் போனா."

கொன்றவனைப் போலீஸ் தேடியதெல்லாம் கீழே, ஆற்றோரம். "அத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா கசிப்புக்குப் புடிச்சி உள்ள போட்டிருப்பான்."

என் வாழ்நாளில் யாரையும் நான் வீட்டை விட்டுப் போகச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் விடிய, வாசலில் ஒரு முழுப் பலாப்பழம் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. இரண்டு நாளில் மணம் தாங்காமல் வெட்டிவிட்டேன்.

ஆம்பிளைகள் நின்ற பக்கங்களையெல்லாம் கிழித்துப்போட்டு, அவளை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். மேல் ரோட்டு விஷயத்தை முதலில் சொன்னேன். அவள் கொப்பியை எடுத்து, பள்ளத்தில் அம்மா போட்ட சத்தத்தைச் சத்தமாக வாசித்தாள்.

"மொகத்த மறைச்சா சரியா? இந்தச் சட்டையெல்லாம் பீலியில அடிச்சித் தொவைக்கிறது நாங்க. எந்த முதுகு எவன் முதுகுன்னு எங்களுக்குத் தெரியாதா? தேர் இழுக்கக் கூப்பிட்டா ஒருத்தனுக்கும் இடுப்பு வளையாது, இங்க என்னா அழகா வளைஞ்சி படுத்திருக்கீங்க."

வாசித்தவள் சிரித்துவிட்டாள். அவள் அம்மாவின் அதே சிரிப்பு. காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் நடுச்சுவர் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது.

மகள் சுவரைப் பார்த்து, "மாமா, மேல் ரோட்டுப் பக்கம் போனத போலீசுல வந்து சொல்வீங்களா?" என்று கேட்டாள்.

இருமல் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது.

"சொல்றேன்," என்றார். "கசிப்பையும் சேத்தே சொல்றேன். அத இன்னொரு தடவ வாசி புள்ள."

அவள் எழுந்து சுவரோரம் போய் நின்று, இந்த முறை திட்டுகிற மாதிரியே வாசித்தாள்.